சம்பளச் சீட்டும் ஆலை ஸ்திரீகளும்

திருப்பூர், திண்டுக்கல் பக்கங்களில் நூலாலையில் உழைக்கும் பெண்ணொருத்தியை, "அம்மா, உன் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், கைக்கு வந்த தொகையைச் சொல்லுவாள். "பிடித்தது எவ்வளவு? எதற்காக?" என்றால் திகைத்து நிற்பவர் அநேகர். சீட்டுக் கொடுக்கப்படும் இடங்களிலும், அது இங்கிலீஷ்ச் சுருக்கெழுத்துக்களால் நிறைந்திருந்தால் அவள் என் செய்வாள்?

இவ்வறியாமையின் பலனை நமது நாடு முன்னமே கண்டிருக்கிறது. "சுமங்கலித் திட்டம்" என்ற மங்களகரமான பெயரால் ஏழைப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். அத்தொகை பெரும்பாலும் அவர்களுடைய கூலியிலேயே நிறுத்திவைத்த பணம். நோயுற்று இடையில் விலகியவர் பலர் வெறுங்கையுடன் வீடு திரும்பினர்.

கணக்கோ கடினமன்று. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக மாதம் 10,000 ரூபாய் பெறுகிறவளிடம் சேமநிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,200 ரூபாயும், தொழிலாளர் காப்புறுதிக்கு முக்கால் வீதம் 75 ரூபாயும் பிடிக்கப்படும். முதலாளியும் தம் பங்காக 1,200 ரூபாய் செலுத்த வேண்டும். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். ஆக வருஷத்துக்கு 28,800 ரூபாய் அவள் பெயரில் சேர வேண்டும். சேர்ந்ததா என்று அவளே பார்க்கத் தெரிய வேண்டாமா?

2025 நவம்பர் 21 முதல் அமலிலுள்ள 2019-ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத்தொகுப்பு, சீட்டுக் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது; பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாதென்கிறது; ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று கூலியில் பேதம் கூடாதென்கிறது. ஆனால் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனுடைய கூலி இரகசியமாயிருக்கும் வரையில், பேதம் உண்டென்று எவள் நிரூபிப்பாள்? கூலி விகிதத்தை ஆலை வாயிலில் தமிழில் எழுதி ஒட்டுவதே இதற்குப் பரிகாரம்.

கணக்கறிந்த ஸ்திரீகளின் வல்லமைக்குச் சான்று வேண்டுமாயின், பெங்களூரைப் பாருங்கள். 2016 ஏப்ரலில், சேமநிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்கவொட்டாமல் தடுத்த விதியை எதிர்த்து, ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். இரண்டே நாளில் மத்திய ஸர்க்கார் அவ்விதியை வாபஸ் வாங்கிற்று.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நண்பர்களே, மேடைப் பிரசங்கத்துக்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். சம்பள நாளன்று, பென்ஸிலும் காகிதமுமாக ஆலைப் பெண்களிடம் சென்று, அவர்கள் சீட்டை அவர்களே படிக்கும்படி கற்றுக் கொடுங்கள். தன் கூலியைத் தானே கணக்கிடத் தெரிந்தவளை ஏமாற்றுதல் எளிதன்று.