நூற்றுக்கு நூறு

பாங்காக்குக்கு மேற்கே மேக்லோங் நதிக்கரையில் அமைந்த ராட்சபுரி மாகாணத்தில் தொற்றுநோய்த் தடுப்பு அதிகாரியாக இருந்த டாக்டர் விவத் ரோஜனபிதயகோர்ன், 1989ஆம் ஆண்டில், தம் இலாகாவின் பிரசாரம் ஏன் பலிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டார். விலைமகளிர் இல்லங்களில் வசித்த பெண்களுக்கு எய்ட்ஸைப் பற்றியும் ஆணுறையைப் பற்றியும் போதிய ஞானம் இருந்தது. ஆயினும் ஒருத்தி பிடிவாதமாக ‘உறையில்லாமல் முடியாது’ என்றால், வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான், அன்றைய பிழைப்பில் அவளுக்குத்தான் மண் விழும்.

மாகாணத்தில் உள்ள அத்தனை இல்லங்களும், ஒன்றுகூட விலக்கின்றி, உறையில்லாத சம்போகத்தை மறுத்துவிட்டால் அவன் எங்கே போவான்? இந்த எளிய தர்க்கத்தின் மீதே, ஆளுநரையும் போலீஸாரையும் இல்லங்களின் முதலாளிகளையும் சேர்த்துக்கொண்டு, ‘நூற்றுக்கு நூறு ஆணுறை’ என்னும் திட்டம் எழுந்தது. உறைகளைச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது. விதி நடக்கிறதா என்று பள்ளியறையில் எட்டிப் பார்க்க முடியாதல்லவா? வெட்டை நோயுடன் சர்க்கார் மருத்துவமனைக்கு வந்த ஆண்களிடம் எந்த இல்லத்துக்குப் போனார்கள் என்று விசாரித்தார்கள், வியாதியே சாட்சியாயிற்று. முதலில் எச்சரிக்கை, பிறகும் திருந்தாவிட்டால் கதவடைப்பு. சட்டப்படி தடை செய்யப்பட்ட தொழிலோடு அதிகாரிகள் கூடிப் பேசுவதா என்று ஒழுக்கவாதிகள் முகம் சுளிக்கக்கூடிய ஏற்பாடுதான். சுளித்தால் சுளிக்கட்டும், நோய் குறைந்தது.

1991இல் இத்திட்டம் தாய்லாந்து தேசம் முழுமைக்கும் விரிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சிரிக்கச் சிரிக்கப் பரப்பி, ஆணுறைக்கே தம் பெயர் வழங்கும்படி ஜனங்களிடையே பிரசித்தி பெற்ற மெச்சாய் வீரவைத்தியா அப்போது அரசாங்கத்தில் இருந்தது பெரும் அனுகூலம். விலைமகளிரிடம் 1989இல் நூற்றுக்குப் பதினான்கு என்றிருந்த ஆணுறை உபயோகம் 1993இல் தொண்ணூற்று நான்கு ஆயிற்று. பால்வினை நோயுடன் சர்க்கார் மருத்துவமனைகளுக்கு வந்த ஆண்களின் தொகை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. எனினும் பரிசோதனையின் பாரமும் போலீஸாரின் கெடுபிடியும் பெண்கள் தலையிலேயே விழுந்தன என்று எழுந்த கண்டனம் நியாயமானது.

உறை சாதனமே தவிர மந்திரமன்று. பர்ஸில் மடங்கிக் கசங்கி உஷ்ணத்தில் கிடந்ததையும், தேதி கடந்ததையும் எறிந்துவிட வேண்டும். பல்லால் கிழிக்காமல் கையால் பிரித்து, நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, உடல்கள் சேர்வதற்கு முன்பே அணிந்து, முடிந்ததும் அடிவிளிம்பைப் பிடித்தபடி விலக வேண்டும். தேங்காயெண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் நலிந்து கிழியும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை அணிவதும் தவறு. தோலோடு தோல் உரசுவதால் பரவும் அக்கி வகையையும் எச்.பி.வி. கிருமியையும் உறை முற்றிலும் தடுக்காது, எச்.பி.வி.க்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும் தடுப்பூசி உண்டு.

ராட்சபுரியின் விதி எட்டாத இடம் ஒன்று உண்டு, அது வீடு. அந்நியப் பெண்ணிடம் உறை அணிந்தவன் மனைவியிடம் அணிவதில்லை. அவளும், கேட்டால் சந்தேகப்படுவதாகுமே என்று வாயைத் திறப்பதில்லை. தாய்லாந்திலும் கணவனிடமிருந்தே நோய் பெற்ற பத்தினிகள் அநேகர். விலைமகளிர் இல்லங்களில் போலீஸாரும் முதலாளியும் செய்த வேலையை வீட்டில் தம்பதிகளின் பேச்சு ஒன்றுதான் செய்ய முடியும். அப்பேச்சைத் தொடங்கும் கடமை ஆணுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.

உறை கிழிந்தோ, உறையின்றியோ அபாயம் நேர்ந்துவிட்டால், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நலம், மருத்துவரை அணுகி இருபத்தெட்டு நாள் மருந்தைத் தொடங்கினால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க இடமுண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் இரகசியம். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.