பழைய காரும் பொருந்தும் மரையும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவ்வெழுத்துகள் நமக்குக் கூறுகின்றன. தேய்ந்துபோன எழுத்தை அழகுபடுத்துவதாக எண்ணி ஒருவர் இக்கால எழுத்தாகச் செதுக்கிவிட்டால் என்ன ஆகும்? சுவர் புதிதாகத் தோன்றும், சான்று அழிந்துவிடும். பழைய மோட்டார் காரைச் சீரமைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் கார் ஓடவும் வேண்டும், ஓட்டுபவர் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும். இங்கேதான் இயற்பியல் நமக்குத் துணைவருகிறது.

நம் வட்டாரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கிவந்தது. 1961 முதல் 1971 வரை அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார்கள் உருவாயின. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். தோற்றத்தை வகுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. 1962-இல் வந்த 'ஸ்பிட்பயர்' என்னும் புகழ்பெற்ற பந்தயப் பாணிக் காரின் சட்டமும் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்ததே. நம் நாட்டு ஹெரால்டு 948 க.செ.மீ. என்ஜினோடு கடைசிவரை ஓடியது. இன்றும் சிலர் இவற்றைப் பாதுகாத்து வருகிறார்கள்.

மரையின் கணக்கு

இத்தகைய கார்களில் போல்ட்டுகள் அங்குல அளவில் இருக்கும். 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. வேறுபாடு 0.06 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரையைப் பாருங்கள். பழைய நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 சுற்றுகள். 25.4-ஐ 24-ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ. வரும். சாதாரண மெட்ரிக் போல்ட்டிலோ ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஒவ்வொரு சுற்றிலும் 0.19 மி.மீ. பிசகினால் ஐந்தாம் சுற்றில் ஏறக்குறைய 1 மி.மீ. பிசகிவிடும். வலிந்து திருகினால் போல்ட் ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் மரை அறுந்துகொண்டிருக்கும். அந்தப் போல்ட் சக்கரத்தையோ ஸ்டியரிங்கையோ தாங்குவதாக இருந்தால்? 'காலத்துக்கேற்ற போல்ட்' என்பது வெறும் அழகுக்காக அன்று என்பது விளங்குகிறதல்லவா?

எந்த முனை எர்த்?

இக்காலக் கார்களில் பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த். சிலர் புதிய ரேடியோவோ ஆல்ட்டர்னேட்டரோ பொருத்துவதற்காக இதை மாற்றிவிடுகிறார்கள். என்ஜின் ஓடும். ஆனால் தீப்பொறியின் நிலை என்ன?

ஸ்பார்க் பிளக்கின் நடுமுனை மிகவும் சூடாக இருக்கும். சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதில் வெளியேறும். ஆகவே நடுமுனை எதிர்மின்னூட்டம் பெற்றிருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். பாட்டரியை மாற்றிவிட்டு, காயிலின் இரண்டு முதல்நிலைக் கம்பிகளை மாற்ற மறந்தால் பொறியின் திசை தலைகீழாகும். குளிர்ந்த முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட வேண்டியிருப்பதால் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். மேடேறும்போது என்ஜின் தடுமாறும். டைனமோவிலும் கவனம் வேண்டும். அதன் இரும்பில் எஞ்சியுள்ள காந்தத்தின் திசைதான் மின்னோட்டத்தின் திசையைத் தீர்மானிக்கிறது. எர்த்தை மாற்றினால் அந்தக் காந்தத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

சக்கரமும் டயரும்

ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இல்லை. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு நிலையாக இருக்க, இருபுறமும் அரை அச்சுகள் பறவையின் சிறகுபோல் மேலும் கீழும் அசையும். வேகமாக வளைவில் திரும்பினால் தரை தரும் பக்கவிசை வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கும். வெளிச்சக்கரம் உள்ளே மடிந்து பிடி குறையும். 1972-இல் அதே தொழிற்சாலை வெளியிட்ட 'கஸெல்' காரில் இவ்வமைப்பை விட்டு ஒரே திடமான அச்சைப் பொருத்தினார்கள்.

அப்படியானால் ஹெரால்டுக்குக் கஸெலின் அச்சைப் போடலாமா? போட்டால் 1961-இல் எப்படிக் கார் செய்தார்கள், பின்னர் ஏன் மாற்றினார்கள் என்ற வரலாற்றின் ஒரு வரி அழிந்துவிடும். அச்சை அப்படியே விட்டு, வளைவில் வேகத்தைக் குறைப்பதே நல்லது. ஆனால் டயரில் ஒரு விதியை மீறக்கூடாது: முன்னால் ரேடியல், பின்னால் பழைய குறுக்கிழை டயர் என்று கலக்கக்கூடாது. பின்பக்கப் பிடி முதலில் போய் வண்டி சுழன்றுவிடும்.

மாற்றியே ஆகவேண்டியவை

சில மாற்றங்களைத் தவிர்க்க முடியாது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 பிப்ரவரியில் நின்றது. அந்த ஈயம் வால்வு அமரும் இடத்தில் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. இப்போது அவ்விடத்தில் கடினமான உலோக வளையத்தைப் பதிக்கிறார்கள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாயை ஊறவைத்து வெடிக்கச் செய்யும்; பெட்ரோல் சூடான என்ஜின் மீது சொட்டினால் தீவிபத்துதான். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய் கட்டாயம் வேண்டும். பிரேக் ரப்பர்களும் புதியனவாகவே இருக்கவேண்டும்.

எதைக் காப்பது, எதை மாற்றுவது? மூன்று கேள்விகள் போதும். இம்மாற்றம் உயிரைக் காக்கிறதா? பின்னால் வருபவர் இதைக் கழற்றிப் பழையதைத் திரும்ப மாட்ட முடியுமா? செய்ததை எழுதி வைத்தோமா? வால்வு வளையத்தைத் திரும்ப எடுக்க முடியாது. எனவே அதைப் பற்றிய குறிப்பு மிகவும் தேவை. கழற்றிய பழைய பாகத்தையும் எறியாமல் சீட்டுக் கட்டி வைக்கவேண்டும்.

உங்கள் வீட்டில் பழைய தையல் இயந்திரமோ மிதிவண்டியோ இருக்கும். அதன் ஒரு போல்ட்டைக் கழற்றி, அளவுகோலை வைத்து 1 அங்குலத்தில் எத்தனை மரைச் சுற்றுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். பிறகு புதிய போல்ட் ஒன்றோடு ஒப்பிடுங்கள். அவற்றைச் செய்த காலமும் நாடும் வேறு என்பதை அந்த எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லும்.