அடுப்பு வாங்கினால் மட்டும் போதாது!

2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்ததும் பலர் மறுபடி விறகு அடுப்புக்கே வந்தார்கள். நமது லயங்களிலோ அது ஒருநாளும் அணையவில்லை. ஆனால் மூன்று கல் அடுப்பின் புகை முதலில் தாக்குவது சமைக்கும் தாயையும் பக்கத்தில் இருக்கும் பிள்ளையையும்தான். கண் எரிச்சலும் ஓயாத இருமலும் இதனாலும் வரும்.

1990களில் நாடெங்கும் பரவிய 'அனகி' மண் அடுப்பில் ஒரே தீயில் இரண்டு பானை வேகும். விறகும் மிச்சம்.

வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் வெடிப்பு இருக்கலாம், வாங்காதீர்கள். வீட்டில் புழங்கும் பானைகள் அதில் ஆடாமல் உட்காருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலகைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். காற்று நேரே அடிக்கும் பக்கம் அடுப்பு வாய் இருக்கக் கூடாது. புற்றுமண்ணையும் உமிச்சாம்பலையும் குழைத்துச் சுற்றிலும் கனமாகப் பூசுங்கள்; சூடு வெளியே போகாது, அடுப்பும் சீக்கிரம் உடையாது. விறகு வைக்கும் வாயையும் பின்பானைக்குத் தீ போகும் வழியையும் அடைத்துவிடாதீர்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே தீ மூட்டுங்கள்.

இரத்தினபுரி, கேகாலை மழையைச் சொல்லவே வேண்டாம். ரப்பர் விறகைச் சிறிதாகப் பிளந்து, நனையாத இடத்தில் காயவையுங்கள். ஈர விறகு எந்த அடுப்பிலும் புகையத்தான் செய்யும்.

இந்த அடுப்பு புகையைக் குறைக்குமே தவிர முற்றாக நிறுத்தாது. ஆகவே புகைக்கூண்டை அடைக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வையுங்கள். பதிக்கத் தெரியாதவர்கள் நமது அலுவலகத்தில் சொல்லுங்கள். வந்து காட்டித் தருகிறோம்.