பழைய மிதிவண்டி நெடும்பயணத்திற்கு உதவுமா?



வங்காளத்தைச் சேர்ந்த ராம்நாத் பிஸ்வாஸ் என்பார் 1931-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து மிதிவண்டியிலேயே உலகப் பயணம் புறப்பட்டார். நாமும் மிதிவண்டியில் ஊர் பல காணலாம். அதற்கு விலையுயர்ந்த வண்டிதான் வேண்டுமென்பதில்லை. வீட்டின் பின்புறம் கிடக்கும் மலிவான எஃகு மிதிவண்டியும் உதவும். ஆயினும், பணம் செலவிடுமுன் அது தகுதியுடையதா என ஆராய்தல் வேண்டும்.

முதலில் நோக்கவேண்டியது குழாய்களால் ஆன சட்டம். ஏனைய உறுப்புகளை மாற்றிவிடலாம்; சட்டம் பழுதாயின் வண்டியே பழுது. கைப்பிடிக்குக் கீழே குழாய்கள் கூடுமிடத்தில் வண்ணப்பூச்சு சுருங்கியோ குழாய் புடைத்தோ இருப்பின், அவ்வண்டி முன்னர் எதிலோ மோதியிருக்கக்கூடும். அடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, அதன் அச்சு பொருந்தும் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுமுனைக்கு இழுத்துக் கட்டுக. இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருந்தால் சட்டம் நேரானது. மேலோடு படிந்த துரு தேய்த்தால் நீங்கும். குழாயை அரித்த துருவோ விரிசலோ காணப்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுதலே நலம்.

சட்டம் நன்றாயின், முதற்செலவு பிரேக்குக்கே உரியது. மழையில் நனைந்த எஃகுச் சக்கர வளையத்தைப் பிரேக் கட்டை நன்கு பற்றாது. மூட்டையுடன் இறக்கத்தில் செல்வோர்க்கு இஃது உயிராபத்து. பக்கவாட்டில் பற்றும் பிரேக்காயின், வளையங்களை அலுமினியத்திற்கு மாற்றி, கட்டைகளையும் கம்பிகளையும் புதிதாக்குக.

பின்னர் சங்கிலியை அளந்து பார்க்கவும். புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் 12 அங்குல நீளமாகும். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால், சங்கிலியோடு பின்பற்சக்கரத்தையும் மாற்றுக. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பின், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ 2.4 முறை சுற்றும். பின்னே 22 பற்கள் அமைத்தால் 2 முறையே சுற்றும். வேகம் குறையும், மேட்டில் ஏறுவது எளிதாகும்.

மூட்டைகளைத் திருகாணியால் இறுக்கிய எஃகுச் சுமைதாங்கியில், இருபுறமும் சம எடையாக, தாழ்வாகக் கட்டுக. புறப்படுமுன் சுமையோடு 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, தளர்ந்த திருகாணிகளை மீண்டும் இறுக்குக. மாணவர்கள் இவற்றைப் பெரியோர் துணையுடன் செய்தல் வேண்டும். ஐயமிருப்பின் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டுக.

பழையது என்பதற்காக ஒரு வண்டியை எறிந்துவிடவும் வேண்டா. ஓடுகிறது என்பதற்காக ஆராயாமல் நம்பிவிடவும் வேண்டா.