மூச்சுக் கணக்கு 11: அண்ணனுக்குச் சளி, தங்கைக்கு மூச்சிரைப்பு

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், ஓ.பி. முடிகிற நேரம். அம்மாச்சி ஒருவர் கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தார். பின்னாலேயே குழந்தையின் அம்மா. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு யு.கே.ஜி. படிக்கும் பெரியவன். புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் என் மேஜை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பை இழுக்க ஆரம்பித்தான்.

“முதல்ல இவனுக்குத்தான் டாக்டரம்மா சளி. நாலு நாள் மூக்கு ஒழுகுச்சு, ஆட்டம் மட்டும் குறையல. இப்ப பாப்பாவுக்கு ஒட்டிக்கிச்சு. இவனுக்குப் போன மாதிரியே இதுக்கும் போயிரும்ல?” என்றார் அம்மாச்சி.

பாப்பாவுக்கு ஏழு வாரம். துண்டை விலக்கிச் சட்டையைத் தூக்கச் சொன்னேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து அடங்கின. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன்: 72. பால் குடிக்கிறாளா என்று கேட்டேன். “ரெண்டு இழுப்பு இழுக்குறா, விட்டுடுறா” என்றாள் அம்மா. அன்று மாலையே வார்டில் சேர்த்தோம்.

அம்மாச்சி கேட்டது நியாயமான கேள்வி. வீடு ஒன்று, வைரஸ் ஒன்று. அண்ணன் ஸ்டெதஸ்கோப்பை இழுக்கிறான், தங்கைக்கு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது. ஏன்?

இருவருக்கும் வந்தது பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸாகத்தான் இருக்கும். பரிசோதனைக்கு அனுப்பவில்லை, முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. 1956-ல் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்ஸிகளிடம்தான் இதை முதலில் கண்டார்கள். அடுத்த வருடமே ராபர்ட் சானக் என்ற விஞ்ஞானி பால்டிமோர் குழந்தைகளிடமும் அதையே பிரித்தெடுத்தார். சிம்பன்ஸி பாவம், பழி அதன்மேல் விழுந்துவிட்டது. உண்மையில் இது மனிதக் குழந்தைகளின் வைரஸ். இரண்டாவது பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையாவது தொட்டுவிடும். பிறகும் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் ஜலதோஷம்.

விஷயம் முதலில் குழாயின் அளவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் பொய்சுவிய் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். குழாயின் அகலம் பாதியானால், அதில் ஓடுவதற்கான தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு ஏறும். எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள பெரியவரின் மூச்சுக்குழாய் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் தடை மூன்று மடங்கு ஆகும். தொண்டையைச் செருமிவிட்டு வேலையைப் பார்ப்பார். குழந்தையின் நான்கு மில்லிமீட்டர் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் 16 மடங்கு. அழும்போது காற்று சுழன்றடித்து ஓடுவதால் தடை இன்னும் கூடும். மூச்சிரைக்கும் குழந்தையை அம்மா மடியை விட்டு இறக்காமலேயே நாங்கள் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆர்.எஸ்.வி. பெரிய குழாயோடு நிற்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிறுகுழாய்கள் வரை இறங்கும். அங்கே உள்பூச்சுச் செல்கள் செத்து உதிர்ந்து, கோழையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வளர்ந்த நுரையீரலில் பக்கத்துக் காற்றறைகளுக்கு இடையே சிறு துளைகள் உண்டு. மெயின் ரோடு அடைத்தால் சந்து வழியாகக் காற்று போய்விடும். கைக்குழந்தைக்கு அந்தச் சந்துகள் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. விலா எலும்புகளோ குருத்துபோல் மெத்தென்று இருக்கின்றன. மூச்சை இழுக்க இழுக்க நெஞ்சே உள்வாங்குகிறது, உழைப்பில் பாதி வீணாகிறது. போதாததற்கு, முதல் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பால் குடிப்பதா, மூச்சு விடுவதா என்ற போராட்டம். அதுதான் அந்த “ரெண்டு இழுப்பு”.

ஆனால் குழாய் மட்டும்தான் காரணமா? முதல் முறை வைரஸைச் சந்திப்பதாலும் நோய் கடுமையாகலாம் அல்லவா? கைக்குழந்தைகளிடம் இரண்டும் சேர்ந்தே வருவதால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கொரோனா ஊரடங்கு அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. அநேகமாகக் காணாமலே போனது. வருடக் கடைசியில், கோடை நெருங்கும்போது, திரும்பி வந்தது. இம்முறை வைரஸ் பிடித்த குழந்தைகளின் நடு வயது 18 மாதத்துக்கு ஏறியிருந்தது. முந்தைய வருடங்களில் அது ஒரு வயதை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். வைரஸையே பார்க்காமல் ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகள் அப்போது சேர்ந்து மாட்டினார்கள். ஆக, முதல் சந்திப்புக்கும் பங்கு உண்டு. என்றாலும் எந்த நாட்டிலும் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம் என்பது மாறவில்லை. என் கணிப்பில் வயதுதான் பெரிய வில்லன்.

எதிர்ப்புச் சக்தியிலும் வயது எவ்வளவு விளையாடும் என்பதற்கு 1960-களில் ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. ஃபார்மலினில் கொன்ற ஆர்.எஸ்.வி. வைரஸைத் தடுப்பூசியாக்கி, வாஷிங்டனில் கைக்குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்து வைரஸ் வந்தபோது, தடுப்பூசி போட்டும் தொற்றிய 20 குழந்தைகளில் 16 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. இந்தத் தடுப்பூசி போடாத குழந்தைகளில் 21 பேருக்குத் தொற்றி, ஒரே ஒருவர்தான் சேர்க்கப்பட்டார். ஏற்கெனவே ஒரு முறை ஆர்.எஸ்.வி. வந்துபோன பெரிய குழந்தைகளை அந்த ஊசி இப்படிப் பாதிக்கவில்லை. ஃபார்மலின் வைரஸின் வடிவத்தைக் கெடுத்திருந்தது. முதல் பாடமே தவறாகப் போனதால், பச்சைக் குழந்தையின் உடல் நிஜ வைரஸ் வந்தபோது தன் நுரையீரலையே புண்ணாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கைக்குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. ஊசி என்றாலே ஆராய்ச்சியாளர்கள் பயந்தார்கள்.

விடை கடைசியில் தாய் வழியாக வந்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அம்மாவின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியாகப் பெருமளவில் குழந்தைக்குப் போகும். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு அந்தச் சீதனம் குறைவு. நிறைமாதப் பிள்ளைக்கும் சில மாதங்களில் கரைந்துவிடும். வைரஸின் சரியான வடிவம் 2013-ல் தெரிந்ததும், கர்ப்பிணிக்கே போடும் தடுப்பூசி உருவானது. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு நேரடியாக எதிர்ப்பொருளையே ஊசியாகப் போடும் நிர்செவிமாப் மருந்துக்கும் அங்கே அதே வருடம்தான் அனுமதி. 2019-ல் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 1,01,400 குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 45,700 பேர் ஆறு மாதம்கூட நிறையாதவர்கள். நூற்றுக்கு 97 மரணங்கள் நம்மைப்போன்ற, நம்மிலும் ஏழையான நாடுகளில். ஊசி முதலில் போய்ச் சேர்ந்ததோ பணக்கார நாடுகளுக்கு!

எல்லா வைரஸுக்கும் வயது ஒன்றேயல்ல. குரைப்பதுபோல் இருமவைக்கும் பாராஇன்ஃப்ளுயன்ஸா ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையானவர்களைத் தேடும். கொரோனா தாத்தா பாட்டிகளை வாட்டியது. பிள்ளைகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. 2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் கண்டதாகச் சொல்லி டி.வி.க்கள் அலறின அல்லவா, அந்த ஹெச்.எம்.பி.வி. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட பழைய ஆள். ஆர்.எஸ்.வி.க்குப் பங்காளி, சற்றே பெரிய கைக்குழந்தைகளைப் பிடிக்கும்.

நம் பாப்பாவுக்கு நான்கு நாள் ஆக்ஸிஜன், மூக்குக் குழாய் வழியாகத் தாய்ப்பால். ஆன்டிபயாடிக் எதுவும் கொடுக்கவில்லை. வைரஸுக்கு அது வேலை செய்யாது. ஐந்தாம் நாள் முழுசாகப் பால் குடித்தாள். கிளம்பும்போது அம்மாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சளி முறியட்டும்னு சாம்பிராணி போட்டேன்மா, மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டேன்.” திட்டவில்லை. என் பாட்டியும் எனக்குச் செய்தவர்தான். ஆனால் வீங்கிய சிறுகுழாய்க்குப் புகை இன்னொரு எரிச்சல், மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் அதுவே தனி நிமோனியா என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டில் ஆறு மாதம் நிறையாத குழந்தை இருந்தால், சளி பிடித்த அண்ணனோ அக்காவோ அத்தையோ ஒரு வாரம் தள்ளியே கொஞ்சட்டும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். முத்தம் வேண்டாம். குழந்தைக்குச் சளி வந்துவிட்டால், அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ, நெஞ்சு குழிந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு விட்டு விட்டு நின்று வந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

(மூச்சு தொடரும்)