பத்து டன்னோடு ஒரு மலையேற்றம்

அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால், ராக்கி மலைத்தொடர் குறுக்கே வந்து நிற்கும். அதைக் குடைந்து போட்டிருப்பதுதான் ஐசனோவர் சுரங்கச் சாலை. 1973இல் திறந்தார்கள். அதன் மேற்கு வாசல் கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே சில்வர்தார்ன் என்ற சிற்றூர். அங்கிருந்து சுரங்க வாய் வரைக்கும் 8 மைல், அதாவது 13 கிலோமீட்டர், சாலை மூச்சு விடாமல் ஏறிக்கொண்டே போகிறது. செங்குத்தான இடங்களில் நூறு அடி போவதற்குள் ஏழு அடி உயர்ந்துவிடும்.

ஒரு பிக்கப் டிரக்கின் உண்மையான வலுவை அறிய விரும்பும் வாகன விமர்சகர்கள், பின்னால் கனமான டிரெய்லரை மாட்டி இந்த ஏற்றத்துக்குத்தான் கொண்டுவருகிறார்கள். நாமும் கற்பனையில் இரண்டு வண்டிகளை இங்கே நிறுத்துவோம். இரண்டுமே ஃபோர்டு எஃப்-250. ஒன்றில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மற்றதில் 6.7 லிட்டர் டீசல் எஞ்சின். இரண்டின் பின்னாலும் 14,000 பவுண்டு, அதாவது ஆறேகால் டன்னுக்குச் சற்று அதிகமான, ஒரு நடமாடும் வீடு. அமெரிக்கர்கள் பெட்ரோலை ‘கேஸ்’ என்றே சொல்வார்கள். அங்கே ஒருவர் “கேஸ் டிரக்” என்றால் சிலிண்டர் மாட்டிய வண்டி என்று நினைத்துவிடக் கூடாது.

விளம்பரத்தைப் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். பெட்ரோல் எஞ்சினின் முறுக்குவிசை 658 நியூட்டன் மீட்டர், டீசலுடையது 1,424. இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் டீசல் இரண்டு மடங்கு வேகமாக ஏறுமா? ஏறாது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கியர் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்குவிசை என்பது பெடலை எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது. திறன் என்பது அந்த அழுத்தத்தோடு நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்பதையும் சேர்த்த கணக்கு. பருத்த தொடைக்காரர் பெரிய கியரில் நிதானமாக மிதித்து மேட்டில் ஏறுகிறார். ஒல்லியானவர் சின்ன கியருக்கு மாறி, கால் தெரியாத வேகத்தில் மிதித்து அவரோடு சமமாக வருகிறார். மேடு கேட்பது திறனைத்தான். அழுத்தத்தைக் கூட்டித்தர கியர்பெட்டி இருக்கிறது. திறனைப் பார்த்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு 430 குதிரைத்திறன், டீசலுக்கு 475. அவ்வளவுதான் வித்தியாசம். டீசல் அதை நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குள்ளேயே கொடுத்துவிடும். பெட்ரோல் தன் 430ஐ எட்ட 5,500 சுற்று சுழல வேண்டும். ஒல்லியானவரின் கால்கள்தான் அது.

இனி மலை என்ன கேட்கிறது என்று பார்ப்போம். டிரக், டிரெய்லர், உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 10 டன். ஏழு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இதை மேலே தூக்கிச் செல்ல, புவியீர்ப்புக்குச் செலுத்தும் கப்பம் மட்டுமே 230 குதிரைத்திறன். பின்னால் வருவது சுவர் மாதிரி நிமிர்ந்த வீடு, அது காற்றைக் கிழிக்க வேண்டும். டயர்களின் உருள்தடையும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் 300ஐத் தாண்டிவிடும். 430 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அப்போதும் கையிருப்பு இருக்கிறதே என்று தோன்றும். சமவெளியில் இருக்கிறது. இந்த மலையில் இல்லை.

காரணம் காற்று. 11,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றை நம்பி ஓடினால், ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போல வலு குறைந்துகொண்டே போகும். சுரங்க வாயை நெருங்கும்போது அந்த 430 குதிரைகளில் வண்டியில் பூட்டியிருப்பவை ஏறத்தாழ 300தான். அதிலும் கொஞ்சம் கியரிலும் அச்சிலும் கரையும். ஆகவே பெட்ரோல் வண்டி அலறிக்கொண்டே வேகத்தை இழக்கிறது. ஓட்டுநர் மிதியைத் தரையோடு அழுத்தியிருப்பார், சுற்றைக் காட்டும் முள் ஐந்தாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனாலும் வேகம் இறங்கும். பக்கத்துத் தடத்தில் டீசல் பாதிச் சுற்றில், பேச்சுக்குரல் கேட்கும் அமைதியில், தாண்டிப் போகும். அதற்கு டர்போ இருக்கிறது. வெளியே துப்பவேண்டிய புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, மெலிந்த மலைக்காற்றை அமுக்கிக் கெட்டியாக்கி எஞ்சினுக்கு ஊட்டுகிறது அது. உயரம் பறித்ததில் பெரும்பகுதியை டர்போ மீட்டுத் தந்துவிடுகிறது.

பெட்ரோலுக்கு டர்போ போடக்கூடாதா? சிறிய பிக்கப்களில் போடுகிறார்கள். ஆனால் ஃபோர்டு, செவர்லே, ராம் மூன்றுமே தங்கள் கனரக பெட்ரோல் பிக்கப்களை டர்போ இல்லாமல்தான் விற்றுவந்திருக்கின்றன. ஏன் என்று கேட்டால், விடை தீ பிறக்கும் இடத்தில் இருக்கிறது.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகிறது. தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்ந்தவர்கள் இதை வைத்தே தீ மூட்டினார்கள். ஒரு குழாய், அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் தண்டு, தண்டின் நுனியில் துளி பஞ்சு. தண்டை ஓங்கி ஒரு குத்து குத்தினால் பஞ்சு கனன்றுவிடும். ஜெர்மனியில் ருடால்ஃப் டீசலுக்கு ஆசிரியராக இருந்த கார்ல் வான் லிண்டே அப்படியொரு தீக்குழாயை இயக்கிக் காட்டினார் என்றும், மாணவரின் மனத்தில் விதை விழுந்தது அங்கேதான் என்றும் சொல்வார்கள். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் டீசலின் எஞ்சின் சோதனையில் ஓடியது. எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் ஆண்ட காலத்தில் அது மலைக்க வைத்த எண்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் முன்பே கலந்து நிற்கின்றன. பத்து மடங்குக்குச் சற்று மேல் அமுக்கி, ஸ்பார்க் பிளக்கால் பொறி வைக்க வேண்டும். அதற்கு மேல் அமுக்கினால் பொறிக்குக் காத்திராமல் கலவை தானே வெடித்து, சுத்தியலால் அடித்ததுபோல் பிஸ்டனைத் தாக்கும். டர்போவால் காற்றைத் திணித்து, மணிக்கணக்கில் முழுச் சுமை ஏற்றினால் இந்த ஆபத்து கூடும். டீசல் எஞ்சினுக்குள் முதலில் போவது வெறும் காற்று. வெடிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே பதினைந்து, பதினாறு மடங்கு அமுக்கலாம். டர்போவால் எவ்வளவு வேண்டுமானாலும், இரும்பு தாங்கும்வரை, திணிக்கலாம். உள்ளே வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின், காற்றுமண்டல அழுத்தத்தைப்போல 2,000 மடங்கு அழுத்தத்தில் டீசல் பனிபோலப் பீய்ச்சப்படுகிறது. காற்றைத் தொட்டதும் எரிகிறது. ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

பொறி, அழுத்தம் என்ற இந்த ஒரே வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. அத்தனை அழுத்தத்தைத் தாங்க டீசல் எஞ்சினின் உடல் தடித்திருக்க வேண்டும். தடித்தால் கனக்கும், விலை ஏறும். அந்தக் கனம் போய் நிற்கும் இடத்தை விற்பனையாளர்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு சாத்தும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக்கூடாது என்று அதில் பவுண்டில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே மாதிரி இரு வண்டிகள் பக்கத்தில் நின்றாலும் இந்த எண் மாறும், ஏனெனில் அது அந்தந்த வண்டிக்கே உரிய கணக்கு. டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடச் சில நூறு பவுண்டுகள் கூடுதல் கனம். மொத்த எடைக்கான வரம்பு மாறாதபோது, அந்தச் சில நூறும் உங்கள் சுமையிலிருந்துதான் கழியும். நம் 14,000 பவுண்டு வீட்டை டிரக்கின் பின்தொட்டி நடுவில் இருக்கும் ‘ஃபிஃப்த் வீல்’ கொக்கியில் பூட்டினால், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,800 பவுண்டு, டிரக்கின் முதுகில் இறங்கும். ஒட்டுத்தாளில் 2,200 என்று இருக்கும் டீசல் எஃப்-250கள் சாதாரணம். இழுக்கும் வலு மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் வலு தீர்ந்துவிட்டது! குடும்பம் இன்னும் வண்டியில் ஏறவே இல்லை. டீசல்தான் வேண்டும் என்பவர் அப்போது அதிகச் சுமை தாங்கும் எஃப்-350க்குப் போக வேண்டியிருக்கும்.

ஏறினால் இறங்கத்தானே வேண்டும்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெட்ரோல் வண்டியில் மிதியிலிருந்து காலை எடுத்தால் காற்றுவழி மூடிக்கொள்ளும். எஞ்சின் வெற்றிடத்தை உறிஞ்சப் போராடும். அந்தப் போராட்டமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டீசலுக்கு அப்படி மூடும் கதவு அடிப்படையில் கிடையாது. ஆகவே இயல்பாக அது இறக்கத்தில் அலட்சியமாக உருண்டு ஓடும். 1931இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற எஞ்சின் தயாரிப்பாளர், டீசலின் திறமையை ஊருக்குக் காட்ட நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு டிரக்கில் புறப்பட்டார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் கைவிட்டது. கீழே ரயில்வே கேட், அதைக் கடந்துகொண்டிருந்தது ஒரு சரக்கு ரயில். மயிரிழையில் தப்பினார். அந்த நடுக்கத்தை அவர் மறக்கவில்லை. ஓய்வுபெற்றபின், எஞ்சினையே காற்றமுக்கியாக்கி வண்டியை நிறுத்தும் பிரேக்கை உருவாக்கினார். 1961இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது. கனரக லாரிகள் இறக்கத்தில் படபடவென்று அதிர்வது அந்தப் பிரேக்கின் குரல்தான். பிக்கப் டிரக்குகளில் வேறு வழி: டர்போவின் இதழ்களைக் குறுக்கி, புகை வெளியேறும் வழியை இறுக்குகிறார்கள். தன் புகையாலேயே எஞ்சின் திணறி வண்டியைத் தாங்குகிறது. ஐசனோவர் இறக்கத்தின் ஓரத்தில், பிரேக் இழந்த லாரிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்கென்றே தனிப்பாதைகள் அமைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடந்து போகும்போது இந்தப் பிரேக்கின் அருமை தெரியும். 1989இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் முதன்முதலாக ஏறி, இன்றும் ராம் வண்டிகளில் ஓடும் டீசல் எஞ்சினின் பெயர், கம்மின்ஸ்.

டீசலின் சங்கடம் நகரத்துக்குள் தொடங்குகிறது. 2007ஐ ஒட்டி அமெரிக்கப் புகைவிதிகள் கடுமையானபோது கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. 2010ஐ ஒட்டி, 32.5 சதவீத யூரியா கலந்த நீரைப் புகையில் தெளிக்கும் ஏற்பாடு வந்தது. நுரையீரல்களுக்கு இவை நல்லவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வடிகட்டி தன்னிடம் சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரியில் எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட, சூடான ஓட்டம் தேவை. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், செலவு வைக்கும். மினசோட்டா போன்ற மாநிலங்களின் குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு உறையும். இரவில் எஞ்சினுக்கு மின்சூடேற்றி மாட்டித் தூங்கப் போக வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

பணக் கணக்கு எளிது. டீசலுக்குக் கூடுதல் விலை சுமார் 10,000 டாலர். பளு இழுக்கும்போது பெட்ரோல் கேலனுக்கு ஏழரை மைலும் டீசல் பத்தரை மைலும் தருவதாக வைப்போம். பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.70 டாலர் என்றும் வைப்போம். மைலுக்கு மிச்சம் ஏழரை சென்ட். போட்ட பணத்தை எரிபொருளில் மட்டும் திரும்ப எடுக்க 1,30,000 மைலுக்கு மேல் டிரெய்லரோடு ஓட வேண்டும். விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் இந்தத் தூரம் ஓரளவு குறையும். ஆனால் பழுது வந்தால் டீசலின் பில் பெரிது.

என் தீர்ப்பு இது. 10,000 பவுண்டுக்கு மேலான டிரெய்லரை மாதத்தில் பலமுறை, அதுவும் மலைநாட்டில் இழுப்பவர் தயங்காமல் டீசல் வாங்கலாம். ஏற்றத்தில் கிடைக்கும் நிதானமும் இறக்கத்தில் கிடைக்கும் பிடிமானமும் குடும்பத்தின் பாதுகாப்பு, அதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. கோடையில் மூன்று நான்கு முறை சமவெளியில் படகு இழுத்து, மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போய்வரும் வண்டி என்றால் பெட்ரோலே போதும். மேட்டில் அது அலறினால் பயப்பட வேண்டாம், உயர்சுழற்சிக்கென்றே செய்த எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது.

எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன் கதவைத் திறந்து அந்த மஞ்சள் ஒட்டுத்தாளைப் படியுங்கள். வாங்கியபின் முதல் நீண்ட பயணத்தில் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் இருக்கும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் என்று மூன்று எடைகளையும் தனித்தனியே அச்சடித்துக் கொடுப்பார்கள்.