காற்றைப் பார்த்துக் கம்பளம் துவை

ஜனவரி பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலை ஸ்டோர்களில் சுறுசுறுப்புக் கூடிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, குளிர்ந்து உலர்ந்த காற்றாக மேற்குச் சரிவில் இறங்கும். மார்ச் வரை வீசும் அந்தக் காற்றுத்தான், 1,100 முதல் 1,600 மீற்றர் உயரத்தில் விளையும் இந்தக் கொழுந்துக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கிறது. கையால் நெய்த கம்பளமோ கம்பளியோ வீட்டில் வைத்திருப்பவர்களும் இந்த மாதங்களைத் தவறவிடக் கூடாது. மே மாதம் தென்மேல் மழை பிடித்துவிட்டால், உடுதுணியே நாட்கணக்கில் காயாத ஊர் இது. எங்கே, எத்தனை நாளில் காயும் என்று கணக்குப் போடாமல் எந்தக் கம்பளத்தையும் நனைக்காதீர்கள்.

பற்றில் ஏறிய கம்பளி

மலையகத்தாருக்குக் கம்பளி புதுச் சாமான் அல்ல. கோப்பிக் காலத்திலிருந்தே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிகளுக்குத் தோட்டம் கம்பளி கொடுத்தது. இனாமாக அல்ல, மற்றக் கடன்களோடு அதன் விலையும் பற்றில் ஏறிச் சம்பளத்தில் கழிந்தது. மழையில் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்தார்கள். இரவில் அதற்குள்ளேயே சுருண்டு படுத்தார்கள். பொலித்தீன் வந்த பிறகு அது மலையைவிட்டுக் காம்பராவின் மூலைக்குப் போனது.

துரை பங்களாவில் கணப்படுப்புக்கு முன்னால் விரித்த முடிச்சுக் கம்பளத்தின் தகுதி வேறாக இருக்கலாம். ஆனால் அதுவும் ஆட்டுமயிர்தான். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். தொட்டால் நனைந்ததாகவே தெரியாது. முடிச்சுக் கம்பளத்தின் அடிநூலோ பெரும்பாலும் பருத்தி. மேலே மயிர் பளபளவென்றிருக்க, அடிநூல் பூஞ்சணம் பிடித்து உக்கிப்போகும். ஓரத்தை மெதுவாக மடித்துப் பாருங்கள். நூல் படபடவென்று முறிகிற சத்தம் கேட்டால் அதை வீட்டில் துவைக்கவே கூடாது. தக்காணத்து நாட்டுக் கம்பளிகளில் பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை பூசும் வழக்கமும் உண்டு. ஈரம் தங்கினால் அந்தப் பசை பூஞ்சணத்துக்கு நல்ல தீனி.

தூசியும் தேத்தண்ணியும்

வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்குத் தண்ணீரே வேண்டாம். வெயில் தலைகாட்டும் நாளில் கம்பளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தைக் கையால் தட்டுங்கள். பிறகு தூக்கிப் பார்த்தால் தரையில் மணல் கோடு விழுந்திருக்கும். மயிரை வேரோடு அறுப்பது அந்த மணல்தான். வக்யூம் கிளீனர் இருந்தால் சுழலும் தூரிகையைக் கழற்றிவிட்டு இழுக்கலாம். குஞ்சங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைப்பைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போட்டால் தேய்வும் வெளுப்பும் ஒரே பக்கம் விழாது. சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையென்றால், பொலிஷ் நன்றாகக் காய்ந்த பிறகே விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் ஏறும் சிவப்பு இலகுவில் போகாது.

தேயிலை நாட்டில் தேத்தண்ணி சிந்தாத கம்பளம் ஏது? சிந்தியவுடன் தேய்க்காதீர்கள்; தேய்த்தால் கறை உள்ளே இறங்கும். வெள்ளைத் துணியை மடித்து வைத்து அழுத்தி ஒற்றி, துணியை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். பிளேன்டீயென்றால் குளிர்ந்த தண்ணீரும், அதில் கொஞ்சம் வினாகிரியும் போதும். பால் தேத்தண்ணியென்றால் சுடுதண்ணீர் பக்கமே போகக் கூடாது. சூட்டில் பாலின் புரதம் மயிரோடு இறுகிவிடும்.

துவைக்கும் நாள்

முதலில் சாயத்தைச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

நிறம் ஒட்டாவிட்டால் குளிர்ந்த தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் போதும். சலவைத்தூளில் காரம் இருக்கிறது. சிலவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதியும் இருக்கிறது. ஆட்டுமயிரே புரதம்தான். குளோரின் கலந்த வெளுப்பு நீர் மயிரைக் கரைத்தே விடும். பீலிக்கரைக் கல்லில் அடிப்பதும் சுடுதண்ணீரில் கசக்குவதும் மயிரை ஒன்றோடொன்று பின்னிச் சுருக்கிவிடும். மயிர் படியும் பக்கமாக மென்மையான தூரிகையால் நீவி, நுரை போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது.

உண்மையான வேலை இனித்தான். ஈரக் கம்பளம் பாரத்தில் தொங்கிக் கோணிவிடும் என்பதால் உடனே கயிற்றில் போடாதீர்கள். சாய்த்து வைத்த பலகையில் விரித்துத் தண்ணீரை வடியவிடுங்கள். பாரம் குறைந்ததும் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்து, அடிப்பக்கமும் காற்றுப் படும்படி புரட்டுங்கள். ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதைப்போல இதற்கும் காற்றோட்டமே முக்கியம். தேயிலைச் செடிமேல் விரித்தால் மிலாறு குத்தி நூலை இழுக்கும். அடுப்புக்கு மேலே போட்டால் புகையின் எண்ணெய்ப் பசை ஒட்டும். மாலைப் பனி இறங்குமுன் உள்ளே எடுங்கள். நடுப்பகுதியின் அடியில் புறங்கையை வைத்து, பக்கத்திலேயே ஒரு காய்ந்த போர்வையையும் தொட்டுப் பாருங்கள். கம்பளம் அதைவிடக் குளிர்ந்திருந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும்.

அந்துப்பூச்சி

மயிரைத் தின்பது பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு. இருட்டான, யாரும் தொடாத இடம் அதற்குப் பிடிக்கும். அலுமாரிக்கு அடியில் சிக்கிய கம்பள ஓரத்தில்தான் முதல் ஓட்டை விழும். வேப்பிலை வைப்பதால் புழு சாகாது. அந்துருண்டையின் ஆவி, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஆகாது. ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இரத்த அணுக்கள் சிதைந்து காமாலை வரலாம். சிறிய கம்பளியென்றால் பொலித்தீனில் இறுகக் கட்டி, மைனஸ் 18 பாகை ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும். அதன்பின் மடிக்காமல் சுருட்டி, பருத்திச் சீலையில் சுற்றி வையுங்கள். பொலித்தீனில் நெடுநாள் கட்டி வைத்தால் உள்ளேயே வியர்த்துப்போகும்.

நாரில் நெய்தவற்றுக்குக் கணக்கே வேறு. கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்தப் பாயை நனைக்கவே கூடாது; பிழிந்த துணியால் துடைத்து நிழலில் விட்டால் போதும். பழைய சேலையைக் கிழித்துப் பின்னிய கால்மிதியை மட்டும் தாராளமாகத் துவைக்கலாம்.

பாட்டன் காலத்துக் கம்பளி எங்காவது மிஞ்சியிருந்தால் அதைத் துவைக்க வேண்டாம். காற்றாட விட்டு, தூசி தட்டி, யார் போர்த்தியது, எந்தத் தோட்டம் என்று ஒரு சீட்டெழுதி உடன் வையுங்கள். வீட்டில் வைக்க இடமில்லையென்றால், கம்பளைப் பக்கம் பழைய லயத்தில் 2007இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் கம்பளியின் விலையை ஒருவர் தன் சம்பளத்தில் கட்டித் தீர்த்திருக்கிறார். அதை அந்துப்பூச்சிக்கு விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை.